மூழ்கிய அன்றே மலையேறியவர்கள்

கூட்டத்தில் அறிமுகம் செய்துகொள்ளும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். பெயர், வேலை, எந்தெந்தக் கடலில் இறங்கியிருக்கிறார்கள், எவ்வளவு ஆழம். பாண்டிமீனா மட்டும் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பாள்.

"பாண்டிமீனா. எழுமலைக்காரி. கூட்டுறவு வங்கியில வேலை. கடல்ல முங்குன அன்னிக்கே கொடைக்கானல் ஏறினேன்."

சொல்லிவிட்டுச் சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுவாள். அதன்பிறகு புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமாகும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிருபாகரன் வாசலிலேயே வந்து அவளருகில் குனிந்து நின்றான். மதுரையிலிருந்து போய், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி வருகிறவர்களை ஒரு குழுவாகச் சேர்த்தவன் அவன். மாடியில் நடந்துவந்த கூட்டத்தை அவளுக்காகவே தன் கே.கே. நகர் வீட்டின் கார் ஷெட்டுக்கு இறக்கியவனும் அவன்தான்.

"அக்கா, இன்னிக்குப் புதுசா ஒரு ஜோடி வாராங்க. ரெண்டு பேரும் டீச்சருங்க. எடுத்த எடுப்புல பயமுறுத்திராதீங்க."

"நான் எங்கடா பயமுறுத்துறேன்? பேரைத்தான சொல்றேன்."

"பேரை மட்டும் சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

அவள் தலையாட்டினாள். அவனோடு சண்டை போட்டால் போய் உட்கார வேறு கூட்டம் இல்லை.

எழுமலையில் அவள் அப்பா சோலை கூலிக்குப் போன தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவள் அவள். அந்தக் கிணற்றில் அவர்கள் கால் வைக்கக் கூடாது. தோட்டக்காரர் வெளியூர் போன நாட்களில்தான் குதிப்பார்கள், காதை மேலே வைத்துக்கொண்டு. வேலை கிடைத்து, அலுவலகத்தாரோடு அந்தமான் போய், சிலிண்டரின் மூச்சுக் குழாயைக் கடித்தபடி முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கியபோது, வெளியே வா என்று அதட்ட மேலே ஒருவரும் இல்லை என்பதே அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதன்பிறகு விடுமுறை என்றால் கடல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் தூத்துக்குடிக் கடலில் இரண்டு முறை ஆழத்துக்குப் போய்வந்தாள். உடன் வேலை பார்க்கும் ஒச்சம்மாள் வீட்டுக் கல்யாணம் கொடைக்கானலில். அன்று மாலையே காரில் ஏறிவிட்டாள். மூழ்கிய கையோடு விமானத்தில் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் பாடம். மலைப்பாதையும் உயரம்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உள்ளுக்குள்ளேயே குமிழ் விட்டு நரம்பை அடைத்துவிடும். அன்றிரவு கால் மரத்தது. மலையில் இருந்த டாக்டர் முதுகெலும்புத் தேய்மானம் என்றார். கீழே இன்னொருவர் வைரஸ் என்றார். காரணம் தெரிந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு மிச்சமில்லை.

கூட்டம் தொடங்கியது. மருது என்கிற கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போல் முதலில் எழுந்தார்.

"நம்ம ஊர்ல கடலும் கெடையாது, வைகையில தண்ணியும் கெடையாது. ஆனா ஆளுக்கொரு முகமூடி வாங்கி வச்சிருக்கோம். நான் சொல்ற ஒரே டிப்ஸ், படகு ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லிக்கு மேல திங்காதீங்க. மிச்சமெல்லாம் மீனுக்குத்தான்."

பாண்டிமீனா பெயரையும் ஊரையும் வேலையையும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். கிருபாகரன் நன்றியோடு பார்த்தான்.

அடுத்து புது ஆள். பெயர் இம்மானுவேல், பக்கத்தில் மனைவி ஜோசபின்.

"எங்ககிட்டயும் ஒரு டிப்ஸ் இருக்கு. நேத்து எங்க கல்யாண நாள். காலையில தூத்துக்குடியில நான் ரெண்டு முங்கு, இவ படகுல. அப்படியே காரை எடுத்து, பொழுது சாயக் கொடைக்கானல். இன்னிக்குக் காலையில இறங்கி நேரா இங்க வாறோம். ஒரே லீவுல கடலும் மலையும்!"

இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் பாண்டிமீனாவைப் பார்த்தார்கள். அவள் அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போதெல்லாம் அவன் அதைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"தோள்ல என்ன தம்பி?"

"சிலிண்டர் தூக்குனது, பிடிச்சுக்கிருச்சுக்கா."

"காலு?"

"மலையில வண்டி ஓட்டுனதுல லேசா மரத்துப்போச்சு."

"காலையில இருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

சிரிப்பு கிளம்பியது. "யக்கா, சபையில கேக்குற கேள்வியா இது?" என்றார் மருது. ஜோசபின் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். இம்மானுவேல் மட்டும் சிரிக்கவில்லை.

"இல்ல. வரமாட்டேங்குது."

"எந்திரிங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க."

விளையாட்டுப்போல எழுந்து, கண்ணை மூடி, ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் தரைக்கு வருமுன் அவன் பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் சரிந்துவிட்டான்.

"பக்கத்துத் தெருவுல எலும்பு டாக்டர் இருக்காரு," என்றான் கிருபாகரன்.

"எலும்பு டாக்டர் வேணாம். ஆக்சிஜன் உள்ள ஆம்புலன்ஸைக் கூப்பிடு. சென்னையில, காத்தழுத்தத்தைக் கூட்டி அந்தக் குமிழைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. ரோட்டு வழியாத்தான் போகணும். அவசரம்னு பிளேன்ல ஏத்திராதீங்க."

"நாளைக்குப் பரீட்சை ட்யூட்டி இருக்குக்கா," என்றான் இம்மானுவேல் கீழே கிடந்தபடியே. "ராத்திரி நல்லாத் தூங்குனா சரியாயிரும்."

"நானும் அப்படித்தான் தூங்குனேன்."

அவன் அப்போதுதான் அவள் நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸில் ஏறுமுன் ஜோசபின் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியாயிருமாக்கா?"

"முதுகெலும்புன்னு யாரு சொன்னாலும் ஒத்துக்காத. கடல்ல முங்கிட்டு மலை ஏறினாருன்னு பாக்குற ஆளுகிட்ட எல்லாம் சொல்லு. போ."

கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்த மாதக் கடைசியில், வங்கியில் மதியச் சாப்பாட்டு வேளையில், ஜோசபின் அழைத்தாள். "இன்னிக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வார்டுல நடந்தாருக்கா. வலது காலு இழுக்குது. அது அப்படியேதான் இருக்குமாம். பரவாயில்ல, நடக்குறாரு. நீங்க மட்டும் அன்னிக்குக் கேக்கலைன்னா..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

"நல்லதும்மா. ரொம்ப நல்லது," என்று சொல்லி பாண்டிமீனா போனை வைத்தாள்.

சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வந்தது பொறாமைதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற, முகம்கூடச் சரியாக நினைவில்லாத ஒருவன்மேல், நெஞ்சு எரியும் அளவுக்கு. மலையில் அன்று தன்னிடம், காலையில் கடலில் முங்கினாயா என்ற ஒரு கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். கவுண்டரில் ஆட்கள் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.