பினாங்குக்குப் போனவர்கள்

வலை கையில் இருக்கும்போது சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டார் நம்பினார்கள். பேசினால் அந்தச் சொல் முடிச்சுக்குள் போய்விடும். முடிச்சு கடலுக்குள் போகும். பிறகு வள்ளத்தில் இருப்பவரை அது தேடி வரும். கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கையில் யாரேனும் இறந்தால், செய்தி கொண்டு வருபவர் வாசல் படலையடியில் நின்று, நாங்கள் வலை பின்னும் ஊசிகளைக் கீழே வைக்கும்வரை காத்திருப்பார். பூசைக்கு ஒருநாளும் தவறாத என் தகப்பனாரான அப்புவும் அம்மாவும் இந்த நம்பிக்கையைப் பற்றிச் சுவாமியாரிடம் கேட்டதே இல்லை. கேட்டால் அவர் அதை விட்டுவிடச் சொல்வார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்புவும் அவருடைய தம்பியான குஞ்சியப்புவும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தார்கள். காலையில் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, உண்டு உறங்கி எழுந்த பின், வெயில் சாயும் வேளையில் முற்றத்துப் பூவரசின் கீழ் வலையை விரிப்போம். அப்பு, குஞ்சியப்பு, அம்மா, அண்ணை, நான் என ஐவரும் சுற்றியிருந்து, வலையின் அறுந்த கண்களை நூலால் முடிந்து பொத்துவோம். சகோதரர் இருவருக்கும் சண்டை வருவதும் அந்த நேரத்தில்தான். எந்தப் பக்கம் வலை விட்டிருக்க வேண்டும் என்று தொடங்கி, வள்ளத்தை நடுவே அறுத்துப் பங்கிடுவது வரையில் பேச்சு வளரும். அம்மா தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். நான் முடிச்சை மாற்றிப் போட்டுவிடுவேன்.

என் முடிச்சுகள் நிற்பதில்லை. "உன்ரை முடிச்சைக் கண்டால் மீன் சிரிச்சுக்கொண்டு போகும்," என்பார் அப்பு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது; கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஊசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கோயில் வாசிகசாலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து உரக்க வாசித்தேன். கப்பலோட்டும் குடும்பம் ஒன்றின் கதை அது. அந்தக் கப்பல்காரருக்குப் பாய் விரிக்கத் தெரியவில்லை என்று அப்புவும் குஞ்சியப்புவும் சேர்ந்து குறை சொன்னார்கள். இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியதை நான் கண்டது அன்றுதான். மறுநாளும் சண்டை வரவில்லை. இந்த வாசிப்பை ஒருநாளும் நிற்க விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது. முதலில், முதல்நாள் எங்கே விட்டது என்பதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். குஞ்சியப்பு தம் முறை வந்தால் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வார். கதாநாயகியை மீன் சந்தைக்கு அனுப்பிவிடுவார். அண்ணை திருத்துவார். ஒருமுறை அப்புவும் குஞ்சியப்புவும் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் கதை நடுவில் நின்றதால் இருவரும் வலைக்கு வந்தார்கள். "நேற்று எங்கை விட்டதெண்டு உவனிட்டைக் கேள், பிள்ளை," என்றார் அப்பு. குஞ்சியப்பு அதை வலையின் கண்களுக்குச் சொன்னார். காய்ச்சல் வந்த நாட்களிலும் நான் வாசித்தேன். மழைக்காலத்தில் விறாந்தையில் நெருங்கியிருந்து வாசித்தோம்.

ஒன்பதாம் அதிகாரத்தில்தான் சோதனை வந்தது. அந்தக் குடும்பத்தின் இளைய மகன் கடலில் மூழ்கி இறக்கிறான். நான் அந்த வரிக்கு வந்தபோது நாலு ஊசிகளும் ஓடிக்கொண்டிருந்தன. வாசித்தால் அப்பு புத்தகத்தை மூடச் சொல்வார். பிறகு ஒரு புத்தகத்தையும் திறக்க விடமாட்டார். ஒரு மூச்சு நிறுத்தி, "அவன் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்விட்டான்," என்று வாசித்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதைகளில் யாரும் சாகவில்லை. நான் விடியற்காலையில், அடுப்பில் உலை கொதிக்கும்போது, அன்றைய பக்கங்களை முன்கூட்டியே படித்து வைப்பேன். சாவு வருகிற பக்கத்தில் ஒரு துண்டு வலைநூலை அடையாளமாக வைப்பேன். நூலைக் கண்டதும் என் நா தயாராகிவிடும். கிழவர்களும் தளபதிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் பினாங்குக்குப் போனார்கள். மிஞ்சியவர்கள் ஏன் அப்படி அழுதார்கள் என்பதற்கும் நானே காரணம் சொல்ல வேண்டியிருந்தது. "உவ்வளவு சனம் போனால் பினாங்கிலை நிக்க இடமிராது," என்று குஞ்சியப்பு ஒருநாள் சொன்னார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். என் தோளுக்கு மேலாக அவர் எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா என்று நான் கேட்கத் துணியவில்லை.

இரண்டு பருவம் மீன்பாடு குறைந்தது. ஒரு வள்ளத்தில் இரண்டு பேர் பிழைக்க முடியாது என்று கண்ட குஞ்சியப்பு, தெரிந்த ஒருவர் மூலம் பினாங்குத் துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கி வேலைக்குப் போகத் தீர்மானித்தார். புறப்படும் நாளில் என் தலையில் கைவைத்து, "அங்கை உன்ரை ஆக்கள் நிறைய இருப்பினம் தானே, பிள்ளை. எனக்கென்ன குறை," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த ஊரை அவருக்கு எளிதாக்கியவள் நான்தானோ என்ற எண்ணம் அன்று தொடங்கியது.

அவருடைய முதல் கடிதத்தை வலையடியில் வாசித்தேன். அதில் ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். மற்றதையெல்லாம் வாசித்தேன்; கதை எங்கே நிற்கிறது என்று எழுதும்படியும் அவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் எழுதினேன். அவரும் அபிப்பிராயம் எழுதினார். இப்படி ஐந்து பேராகவே வாசித்துவந்தோம். பிறகு உலகப் போர் பினாங்குவரை வந்து கடல்வழி மூடிற்று. கடிதங்கள் நின்றன. நான் ஆசிரியையானேன். பள்ளி விட்டு வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புத்தகத்தைத் திறப்பேன். அப்பு நரைத்தார். அவர் தம்பியின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் தம்பி வழக்கமாக இருந்து பொத்தும் பக்கத்தில் வலையின் ஒரு முழத்தைப் பொத்தாமல் விட்டு, எல்லாம் முடிந்த பின் தாமே அதைப் பொத்துவார்.

போர் முடிந்து தபால் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, ஒரு பின்னேரம் தபால்காரர் படலையைத் திறந்து நேராக வலையடிக்கு வந்து கடிதத்தை என் கையில் தந்தார். பினாங்கு முத்திரை. உறையிலிருந்த எழுத்து குஞ்சியப்புவின் எழுத்தல்ல. பிரித்து முதல் இரண்டு வரிகளைக் கண்ணால் படித்தேன். அவரோடு வேலை செய்த ஒருவர் எழுதியிருந்தார். என் நா வழக்கம்போல் ஓர் ஊரைத் தேடியது. அனுப்புவதற்கு ஊர் இல்லை.

அப்பு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் ஊசியைக் கீழை வையுங்கோ," என்றார். அம்மாவும் அண்ணையும் வைத்தார்கள். அவரும் வைத்தார். "இப்ப வாசி, பிள்ளை. ஆரையும் எங்கையும் அனுப்பாதை."

வாசித்தேன். கடல்வழி மூடிய இரண்டாம் ஆண்டில் காய்ச்சல் கண்டு, ஆறு நாளில் குஞ்சியப்பு இறந்துபோனார். முழுவதையும் ஒரு சொல் விடாமல் வாசித்தேன்.

கடிதத்தை வாங்கி மடித்தபடி அப்பு சொன்னார்: "நீ நூல் வைச்ச பக்கம் வந்தால் ஆரோ ஒராள் பினாங்குக்குப் போகும். முதல் புத்தகத்திலையே எனக்கு விளங்கினது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீ வாசிக்கிறதை விட்டிருப்பாய்."

எட்டு நாள் வலை விரிக்கவில்லை. ஒன்பதாம் நாள் அப்பு அதை எடுத்துவந்து பூவரசின் கீழ் விரித்துவிட்டு, "எங்கை விட்டது?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய முறை யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் உள்ளே போய் குஞ்சியப்புவின் கடிதங்களை எடுத்துவந்தேன். ஊசிகள் தரையில் கிடக்க, முதல் கடிதத்தை மறுபடி வாசித்தேன். இந்த முறை, அன்று விழுங்கிய அந்த வரியை விடவில்லை: "பிள்ளை, நீ அனுப்பின ஆக்களை இஞ்சை எல்லா இடமும் தேடிப் பாத்தன், ஒருத்தரையும் காணேல்லை. அப்புவுக்குச் சொல்லாதை."

அம்மாதான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்பு முகத்தை வலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. எதனால் என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

அதன் பின் எங்கள் வீட்டில் வாசிப்பு மெதுவாகத்தான் நடந்தது. நூல் வைத்த பக்கம் வந்ததும் நான் நிறுத்துவேன். எல்லோரும் ஊசியைக் கீழே வைப்பார்கள். இறந்தவர் இறந்தவராகவே இருப்பார். பிறகு ஊசிகளை எடுப்போம். போர்க்களம் வருகிற புத்தகமானால் ஒரு வலையைப் பொத்தி முடிக்கப் பத்து நாள் செல்லும். அப்பு குறை சொல்லவில்லை. கண் மங்கி வலையைப் பொத்த முடியாமல் போன பின்னும், அந்த வேளையில் வந்து, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவருக்குப் பின் அம்மா அந்த இடத்தில் இருந்தார்.

இப்போது அண்ணை இருக்கிறார், நான் இருக்கிறேன். வெயில் சாய்ந்ததும் அவர் வந்து, நேற்று எங்கே விட்டது என்பதை வேண்டுமென்றே பிழையாகச் சொல்கிறார்.