வேதாசலம் குடித்ததில்லை

கணக்கு வாத்தியார் வேதாசலம் இறந்த செய்தியைப் பள்ளி பியூன்தான் மந்தைவெளியில் என் வீட்டுக்கு சைக்கிளில் வந்து என்னிடம் சொன்னார். "கணக்கு சாரு பூட்டாரு சார். நாளைக்கு பிரேயர்ல ஹெட்மாஸ்டர் பேசுறாராம்." பேசினார். "ஒழுக்கமே உருவானவர்" என்றார்.

சக வாத்தியார்களே, நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. சென்ற வருஷம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் காபித்தூளைக் கரைத்தது போல வாந்தியெடுத்தார். டாக்டர் அல்சர் என்றார். கல்லீரலும் வீங்கியிருப்பதாகச் சொன்னார். அந்த இரண்டாவது வார்த்தை நமக்குப் போதுமாக இருந்தது. மதுவிலக்கு ஊரில் ஒருவனுக்குக் கல்லீரல் வீங்கினால் வேறென்ன? "பர்மிட் சரக்கா சார், இல்லே அடையாறு ஆத்தங்கரைக் கள்ளச் சரக்கா?" என்று டிரில் மாஸ்டர் கேட்டார். ஆசிரியர் அறையே சிரித்தது.

பையன்களிடம் அவர் ஓயாமல் சொல்வது ஒன்று உண்டு: "விடையைப் பார்த்துட்டு வழியை எழுதாதேடா." நாம் அதைத்தான் செய்தோம். அவர் பால் குடித்தால் வாடையை மறைக்க. லீவு போட்டால் போதை தெளிய என்றோம். அவருக்கு வரவேண்டிய உதவித் தலைமையாசிரியர் பதவி தலைமையாசிரியரின் மைத்துனருக்குப் போயிற்று. "பேர் கெட்டவரை எப்படி ஓய் போடறது?" என்று தலைமையாசிரியர் என்னிடமே கேட்டார்.

போன மாதம் மறுபடியும் ரத்த வாந்தி. அல்சர் என்று வயிற்றைத் திறந்தார்கள். அல்சர் இல்லை. கல்லீரலில் பிறந்த புற்று இரைப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்திருந்தது. நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும், இரைப்பைக்கு வந்து தாம் பார்த்ததேயில்லை என்றார் சர்ஜன். குடியாலா என்று கேட்டேன். வாழ்நாளில் தொடாதவருக்கும் வரும், எப்போதோ வந்த மஞ்சள்காமாலை போதும் என்றார்.

மயக்கம் தெளிந்து, சர்ஜன் சொன்னதைத் தெரிந்துகொண்டதும் வேதாசலம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டாஃப் ரூம்ல சொல்லிடுவீங்களா சார்?"

சொன்னேன். டிரில் மாஸ்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

உங்கள் மேல் எனக்குள்ள கோபம் ஆறாது. ஆனால் இன்னொன்றை மறைத்தால் நானும் பிரேயரில் பேசியவனாகிவிடுவேன். அவர் அரைப் பரீட்சைத் தாள் திருத்தும்போது, மார்க்கைப் பார்ப்பது போல அவர் தோள்மேல் குனிந்து மூச்சை மோந்து பார்த்தேன். பால் வாடைதான் அடித்தது. அவர் சிவப்புப் பென்சிலை நிறுத்தவில்லை.

"விடை வந்துதா சார்?" என்றார்.

வேதாசலத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.