தம்பி பெயரில் ஓர் ஊர்

ஓர் ஊரே தன் பெயரில் இருந்தால் யாராயிருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். என் சித்தப்பாவோ டிக்கெட் ஜன்னலில் அந்தப் பெயரைச் சொல்லக் கூசி, அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் ஊரிலேயே இறங்கிவிடுவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் மன்னர்.

அந்தப் பெயர் வந்த காலத்தில் ஊர் என்று எதுவும் இல்லை. வெறும் பொட்டல், அதில் ரயில் பாதை போட வந்தவர்களின் கூடாரங்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைத்தால் இங்கே ஸ்டேஷன், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று பாதை போடும் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். கிணறு வெட்ட வந்தவர்கள் என் அப்பாவும் சித்தப்பாவும். இடம் பார்த்ததும் பாறையை உடைத்ததும் அப்பா. சித்தப்பா மேலே நின்று கயிறு பிடிப்பவர். சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாது. கீழே இருப்பவர் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம். மறு பேச்சில்லாமல் தூக்க வேண்டும், கீழே என்ன ஆபத்தோ யார் கண்டது.

தண்ணீர் வந்த அன்று அப்பா கீழிருந்து முதல் குடத்தை நிரப்பி அனுப்பினார். சித்தப்பா குடத்தை அவிழ்த்துவிட்டுக் கயிற்றை மறுபடி உள்ளே விட்டார். துரை குடித்துப் பார்த்துச் சிரித்தார். கூட வந்த துபாஷி அவர் பேச்சைத் தமிழாக்கிக் கேட்டார்.

"தண்ணியக் கண்டுபிடிச்சது யாருன்னு தொரை கேக்குறாரு."

"நான்தாங்க."

"பேரு?"

சித்தப்பா சொன்னார். ஸ்டேஷன் கட்டியதும் அதுவே பலகையில் ஏறிவிட்டது.

அப்பா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்று பேசியது அண்ணன் காதில் விழுந்ததா இல்லையா என்ற கவலையிலேயே சித்தப்பாவுக்குத் தலை நரைத்தது. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, பாவமாகவும் இருக்கும்.

அவர்களுடைய கடைசிக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அவர்கள் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டேஷனில் அப்பா முந்திக்கொண்டு டிக்கெட் ஜன்னலில் தலையை நீட்டினார். "என் தம்பி பேர்ல ஒரு ஊர் இருக்கே, அதுக்கு மூணு குடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. அப்பா பக்கத்தில் வந்து அமர்ந்ததும் மெல்லக் கேட்டார்.

"அண்ணே, அன்னிக்கு நான் மேல பேசினது உனக்குக் கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு? தண்ணி பீறிட்ட சத்தத்துல காதே அடைச்சுப்போச்சு."

சித்தப்பா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சுடா," என்றார் அப்பா. "ரெண்டு தரம் கயித்த இழுத்தேன். ரொம்ப நேரம் நீ தூக்கல. பாவம், கை மரத்துப்போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சித்தப்பா கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"மரத்துப்போகலண்ணே. தொரை போகட்டும், அப்புறம் தூக்கலாம்னு நின்னேன்."

ரயில் வந்துவிட்டது. அப்பா எழுந்து, முதலில் ஏறி, தம்பியைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நின்றார்.