சொந்தப் படத்துக்கு ஹவுஸ்ஃபுல்

தியேட்டர் வட்டாரத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். முதல் படத்தை மாமனார் பணத்தில் வாங்கி வெளியிட்டவர். மாமனார் காலமாகி, இவர் தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. மற்றபடி பெரிய ஆள் இல்லை; ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிமை வாங்கிப் படம் ஓட்டும் சிறு விநியோகஸ்தர். கையைச் சுட்ட படங்களே அதிகம். சொன்ன சொல் தவறாதவர், அதனால்தான் தொழிலில் நிற்கிறார் என்பார்கள். அது பாதி உண்மை. நல்ல பெயர் கடன் வாங்க உதவும், நாற்காலியை நிரப்பாது.

அந்த வருடம் பெரிய நடிகர் யாரும் இல்லாத ஒரு நகைச்சுவைப் படத்தை, குடியிருந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கினார். வாரத்து வசூல் பேசிய அளவுக்குக் கீழே போனால் வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிடலாம் என்பது தியேட்டர்காரரின் நிபந்தனை. தூக்கினால் வீடு போகும். இன்னொரு வாரம் நின்றால் வீடு தங்கும்.

முதல் இரண்டு நாள் கூட்டம் சுமார்தான். அவருடைய சகலை ஒரு யோசனை சொன்னார். ஞாயிறு மாலைக் காட்சியில் மிஞ்சும் டிக்கெட்டுகளை நாமே வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். வரியும் தியேட்டர் பங்கும் போக, கொடுத்த காசில் பாதிகூடத் திரும்பாது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

பலகை தொங்கியது. எதிர்ச்சாரியில் நின்று அதைப் பார்த்தபோது அவருக்கு வயிறு குளிர்ந்தது. அப்புறம்தான் கவனித்தார்: வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் காலி. உறவுக்காரர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, படம் ஓடட்டும் என்று வாழ்த்திவிட்டு, வீட்டிலேயே காலை நீட்டிவிட்டார்கள். கொடுபடாத ஒரு கட்டு இன்னும் சகலையின் பையிலேயே கிடந்தது.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "உங்க படத்த நீங்களே எத்தன நாளைக்குப் பாப்பீங்க, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை சகலையிடமிருந்து கட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். திரும்பிப் போனவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையில் டிக்கெட்டைத் திணித்தார். சிலர் பைத்தியமோ என்று ஒதுங்கினார்கள். பலர் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். மனைவி, மக்களோடு வந்திருந்த ஒரு மெக்கானிக் மட்டும் பர்ஸை எடுத்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று தடுத்தார்.

"புடிங்க சார்," என்றார் மெக்கானிக். "ஓசியில பாத்தா, நல்லா இல்லன்னு திட்ட முடியாதே."

மாப்பிள்ளை காசை வாங்கிக்கொண்டார். அத்தனை நாளும் படத்தை எப்படி ஓடவைக்கலாம் என்று கணக்குப் போட்டவருக்கு, காசு கொடுத்துப் பார்க்க வந்த ஒருவரை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடைவேளைக்கு முன்பே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. காலி நாற்காலி சிரிப்பதில்லை. சிரிப்பும் தனியாக வளர்வதில்லை.

திங்கட்கிழமை சரிய வேண்டிய வசூல் சரியவில்லை. மெக்கானிக் தன் பட்டறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததாகக் கவுன்ட்டர் அம்மாள் சொன்னாள். அவர் ஒருவரால் படம் பிழைத்தது என்று சொல்ல முடியாது. அன்று உள்ளே போன ஒவ்வொருவரும் வெளியே வந்து யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று மாப்பிள்ளைக்குத் தெரியாது.

வியாழக்கிழமை தியேட்டர்காரர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். வசூல் பேசிய அளவை மயிரிழையில் தாண்டியிருந்தது. "இன்னொரு வாரம் ஓடட்டும்யா. ஆனா ஒண்ணு, இனிமே உன் சொந்தக்காரங்கள நம்பாத," என்றார்.

லாபம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது, வீடு நிற்கும். மனைவிக்குப் போன் செய்து அதைச் சொன்னார். அறையை விட்டு வெளியே வந்தார். மாலைக் காட்சிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் அரங்கின் கதவைத் திறந்து, தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை, அது என் வேலைங்க," என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"இன்னிக்கு ஒரு நாள் விடுப்பா," என்றார் அவர். கடைசி ஆள் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றார்.