சோலைமலையின் கையளவு

வட்டவளையில் ரயிலை விட்டு இறங்கி எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்தபோது சோலைமலைக்கு இருபது வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் தாயும் தகப்பனும் ஒரே வருசத்தில் செத்துப்போய்விட்டார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, வேறு சொந்தம் என்று யாரும் இல்லை. தேயிலை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் வேலை கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவைக் கொடுத்தார்கள். பதினாலு வருசம் அந்தக் காம்பராவில் ஒரு சட்டி, ஒரு கோப்பை, ஒரு பாய் என்று இருந்தான். பெண் கேட்டுப் போக அவனுக்கு ஆள் இல்லை.

"வாடா சோல, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று என் பெண்சாதி ராக்காயி கூப்பிடுவாள்.

"ஆக்கிட்டேன் மதினி" என்பான். அடுப்பு புகைந்திருக்காது. எங்களுக்குத் தெரியும்.

சித்திரையில் எங்கள் மாரியம்மனுக்குத் திருவிழா. அம்மனைச் சப்பரத்தில் வைத்து எட்டுப் பேர் தண்டைத் தோளில் தூக்கி லயம் லயமாக வருவோம். அந்த எட்டு இடமும் எட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். அதில் பின்னால் வலது பக்கம் என்னுடையது. குடும்பம் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும் சாமி நிற்கும், தேங்காய் உடைப்பார்கள். தனி ஆள் வாசலில் நிற்காது. விளக்கேற்றப் பொம்பளை இல்லாத வாசல் என்று தாண்டிப் போய்விடுவோம். ஆனால் தண்டு பிடிக்கிறவன் வாசல் என்றால் அவன் தனி ஆளானாலும் நின்றுதான் ஆகவேண்டும். அதுதான் வழக்கம். பதினாலு சித்திரையும் சோலைமலை வாசலில் நின்று சாமி தாண்டிப் போவதைப் பார்த்தவன்.

ஐம்பத்தாறாம் வருசம் கார்த்திகையில், அந்த எட்டில் ஒன்றான செல்லசாமி குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. ஒரு தண்டு காலியானது. இரண்டு மூன்று குடும்பம் கேட்டுச் சண்டை வந்ததும் கோயில் தலைவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"குடும்பத்தப் பாக்கலப்பா. கோயில் வாசல்ல கெடக்குற கல்ல யாரு தோளுக்கு ஏத்தி கோயில ஒரு சுத்து சுத்துறானோ, அவனுக்குத் தண்டு. கொடியேத்துற அன்னைக்குப் பாப்போம்."

அந்த உருண்டைக் கல் ஒன்றரை உர மூட்டைக் கனம். அன்று சாயங்காலம் சோலைமலை என்னிடம் வந்தான்.

"கணேசண்ணே, என்னால ஏலுமா?"

"அஞ்சு மாசம் இருக்கு. பழகுனா ஏலும்."

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், வேலை முடிந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் ஈர விறகுக் கட்டை ஒன்றைத் தூக்கிப் பழகினான். ஆள் கனம் இருக்கும். ஐந்து தடவைதான் தூக்குவான். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பான். முதலில் கட்டை இடுப்போடு நின்றது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. தை பிறக்குமுன் தோளில் ஏறிவிட்டது. அதைவிடக் கனமான கட்டையைத் தேட ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டவளைக் கடைத்தெருவில் ஹலீம் நானாவின் தையல் கடைக்குப் போய்க் கையை அளப்பான். நானா கழுத்தில் தொங்கும் நாடாவை எடுத்து மேல்கையில் சுற்றுவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன்.

"போன மாசமும் பதிமூணு அங்குலம். இந்த மாசமும் பதிமூணு. கட்டைய நீ தூக்குறியா, இல்ல கட்டை ஒன்னயத் தூக்குதா தம்பி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சோலைமலை சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான். திரும்பி வரும் வழியில் கேட்டான்.

"கை தடிக்கவே இல்லியேண்ணே. அப்ப பலம் ஏறலதானே?"

அங்கேதான் நான் தவறு செய்தேன். கட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் நாடா சொன்னதை நம்பினேன். தடித்த கையில்தான் பலம் இருக்கும் என்று எங்கள் லயத்தில் எல்லாரும் நம்பினோம்.

"கை தடிக்காம பலம் எங்கருந்து வரும்? கட்டைய விடு. டின்னுல மண்ணப் போட்டு, கை ஓயிற வரைக்கும் தூக்கு. அப்பத்தான் ஒடம்பு ஊறும்."

ரெண்டு மண்ணெண்ணெய் டின்னில் பாதி மண் நிரப்பி, கம்பி கட்டிக் கொடுத்ததும் நான்தான். லேசான கனம். அதனால் முப்பது, நாற்பது தடவை தூக்க முடிந்தது. கை எரிந்து, இனி ஒரு தடவையும் முடியாது என்று ஆகிறவரை தூக்குவான். கட்டையைத் தொடவே இல்லை. பங்குனியில் நாடா பதினாலைத் தாண்டியது.

"இப்பத்தான் இது ஆம்பளக் கையி" என்றார் நானா. "சட்டைக்குத் துணி கூட வேணும், சொல்லிப்போட்டேன்."

சோலைமலை அன்று சிரித்ததைப் போல் நான் பிறகு பார்த்ததில்லை. வரும் வழியில் ஒரு தாம்பாளமும் தேங்காயும் வாங்கினான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இப்போது, என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பதினெட்டு நாள். ஆறு றாத்தல் கனம். கையில் வாங்கினால் கீழே வைக்க மனசு வருவதில்லை, ராக்காயி திட்டுகிறாள். வீடு நிறைய ஆளும் சத்தமுமாக இருக்கும்போதுதான் அந்தக் கடைசிக் காம்பரா எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு உறைக்கிறது.

கொடியேற்றிய அன்று கல்லுக்குப் போட்டி போட்டவர்கள் இரண்டே பேர். சோலைமலையும் பழனியாண்டியும். பழனியாண்டி ரோட்டிலிருந்து மலைக்கு உர மூட்டை சுமக்கிறவன். ஒல்லி ஆள், கை பதினொரு அங்குலம்கூட இருக்காது.

"டேய் பழனி, காத்தடிச்சா பறந்திருவ, தள்ளி நில்லுடா!" என்று பொடியன்கள் கத்தினார்கள்.

பழனியாண்டி குந்தி உட்கார்ந்து கல்லை மடியில் ஏற்றினான், நெஞ்சில் ஏற்றினான், ஒரே உதறலில் தோளில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்துவிட்டான்.

அடுத்து சோலைமலை. சட்டையைக் கழற்றியதும் "ஓ" என்று சத்தம். கல் மடிக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கடைசி உதறல் அவனிடம் இல்லை. லேசான டின்னை நாற்பது தடவை தூக்கிப் பழகிய கைக்குக் கனத்தை ஒரு தடவை தூக்கத் தெரியவில்லை. கல் நழுவி விழுந்தது.

"பரவால்லப்பா, நல்ல ஒடம்பு" என்றார் தலைவர்.

மூன்றாம் நாள் சப்பரம் எங்கள் லயத்துக்கு வந்தது. சோலைமலை குளித்து, விபூதி பூசி, வாசலில் தாம்பாளத்தோடு நின்றான். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் இருந்தது. தோற்ற பிறகும் ஏன் நின்றான் என்று எனக்குத் தெரியாது. முன்னால் போனவர்கள் "நடங்க, நடங்க" என்றார்கள். நான் ஒருவன் காலை ஊன்றியிருந்தால் போதும், சப்பரம் நின்றிருக்கும். நான் நடந்தேன். தாண்டும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, சாமியைத்தான் பார்த்தான்.

மறுநாள் டின் இரண்டும் என் வாசலில் இருந்தன. உள்ளே மண் இல்லை. அவன் மறுபடியும் விறகுக் கட்டைக்கே போய்விட்டான் என்று ஸ்டோரில் சொன்னார்கள். கடைத்தெருவுக்குப் போவதில்லை, யாரோடும் பேச்சும் இல்லை.

ஐப்பசியில் ஒரு காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் கோயில் பக்கம் போனேன். நல்ல பனி. சோலைமலை தோளில் கல்லோடு கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். மெதுவாக இறக்கி வைத்தான். மூச்சுகூட அதிகம் வாங்கவில்லை. கிட்டப் போய் அவன் மேல்கையைப் பிடித்துப் பார்த்தேன். டின் தூக்கிய நாளைவிட மெலிந்திருந்தது.

"சோல, தலைவர்ட்ட நான் சொல்றேன்டா."

"என்னான்னு சொல்லுவீங்க? எட்டு எடமும் நெறஞ்சிருச்சேண்ணே."

அவன் குரலில் கோபம் இல்லை.

"நீங்க போங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கல்லுக்குக் குனிந்தான்.