இடம் மாறிய கூடு

ஏசி மெக்கானிக்கை அந்த வட்டாரத்தில் எல்லோரும் 'ஜில்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேலை சுத்தம். பேச்சு மட்டும், வார்த்தைக்கு வரி கட்டவேண்டும் என்பதுபோல, அளந்துதான் வரும்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், நாலாவது மாடி வீடொன்றிலிருந்து அழைப்பு வந்தது. மழைக்காலம் முழுக்கப் போடாமல் விட்ட ஏசி, ஓட மறுத்தது. சுவருக்கு வெளியே இருந்த பெட்டியை எட்டிப் பார்த்தார் ஜில்லு. உடைந்த வலைக்குள்ளே, காற்றாடிக்கு அடியில் புறாக்கூடு. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள்.

"கொஞ்ச நாள் பொறுக்க முடியுமாக்கா? தானா பறந்துடும்."

வீட்டுக்காரப் பெண் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அப்பா விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அப்பா தூங்கியே ரெண்டு நாளாச்சுண்ணா," என்றாள்.

ஜில்லு மறுபடி வலைக்குள் கையை விட்டார். கூட்டை அலுங்காமல் எடுத்து, கைக்கெட்டும் தூரத்துக் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஏசி ஓடியது. பெரியவர் கண்ணயர்ந்தார். கீழே இறங்கியும் ஜில்லுவுக்குப் போக மனம் வரவில்லை. தாய்ப்புறா வந்தது. பெட்டியில் உட்காரும், காற்றாடிக் காற்றுக்கு மிரண்டு எழும், திரும்பவும் அங்கேயே வரும். பக்கத்து விளிம்பை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் யாரும் அழைக்காமலே போனார். ஒரு குஞ்சு விறைத்துக் கிடந்தது. மற்றதைத் துணியில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒரு டப்பாவில் பஞ்சை விரித்தாள். கடலையை ஊறவைத்து மசித்து, அலகை விலக்கித் துளித்துளியாக ஊட்டினாள். சாவி, சாப்பாடு என்று சுருங்கிப்போயிருந்த அவர்கள் பேச்சு கொஞ்சம் நீண்டது. இன்று கண்ணைத் திறந்தது என்பாள். என் விரலைக் கொத்தியது என்பாள்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது, அவள் மடியில் டப்பாவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினார்.

"குடு, நான் கொண்டுபோய்ப் புதைச்சுட்டு வரேன்."

அவள் கொடுக்கவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் எடுத்துட்டுப் போனீங்க."

இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. இவள் மயக்கத்தில் கிடந்தாள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, அவள் கண் விழிக்குமுன் ஜில்லு அடக்கம் செய்துவிட்டு வந்தார். செய்தது சரி என்றுதான் உறவெல்லாம் சொன்னது. அவளும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இருவருமாகக் கீழே போனார்கள். மதில் ஓரம் அவர் குழி தோண்டினார். அவளே குஞ்சை வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள். எழுந்திருக்காமலே கேட்டாள்.

"அவ யார் மாதிரிங்க இருந்தா?"

அவர் அவள் பக்கத்தில் குந்தினார். "நெத்தி உன்னோடது. விரலெல்லாம் நீள நீளமா... தலை நிறைய முடி."

நினைவிருந்ததையெல்லாம் சொன்னார். அவள் மண் ஒட்டிய கையைத் தட்டவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.