பழைய பள்ளிக்கூடத்துக்காக நான் பேசிய இரண்டு பேச்சுகள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்பக்கூட இடமில்லாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தொன்பது வயது. என் குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பழைய பள்ளிக்கூடம் வெள்ளைக்காரர் காலத்தில் கருங்கல்லால் கட்டிய நீளமான ஒற்றை அறை. என் அப்பா அங்கேதான் மூன்றாம் வகுப்போடு நின்றார். நானும் அங்கேதான் படித்தேன். பிறகு பஸ் பாதைக்குக் கீழே அரசாங்கம் புதுக் கட்டடம் கட்டித்தர, பள்ளிக்கூடம் அங்கே இறங்கிப்போனது. பழைய கட்டடத்தில் தோட்டத்து முன்பள்ளி மட்டும் மிஞ்சியது. அதை இடித்து மைதானமாக்கலாம், முன்பள்ளியைப் புதுக் கட்டடத்தின் மூலை அறைக்குக் கொண்டுவரலாம் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர் யோசனை சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், விளையாட்டில் பிரியம் உள்ளவர். முடிவெடுக்க ஒரு குழு அமைத்தார்கள். நான் செயலாளர்.

நான் இடிக்கக்கூடாது என்ற கட்சி. படித்த இடத்தின் மேலுள்ள பாசம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. முந்திய மாதம் ஹட்டனில், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தேன். அங்கே கேட்ட 'மரபுரிமை' என்ற சொல்லை எங்கேயாவது பயன்படுத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதல் வேலையாகப் பத்திரிகைக்கு ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் நாலு வரி வந்தது. மைதானம் இல்லாமல் மாணவர்கள் படும் பாட்டை, எதிர்த்தரப்பின் வாதம் என்று சொல்லி ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரியை மட்டும் எடுத்துப் போட்டு, கீழே என் பெயரையும் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அதிபர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீர் என்ர பக்கம் எண்டு தெரியாமல் போச்சே! நல்லா எழுதியிருக்கிறீர்."

நன்றி என்று சொல்லிவிட்டேன். என் எழுத்தை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதனால் குழுவின் முதல் கூட்டத்தில் நான் எழுந்து கட்டடத்தைக் காப்பாற்றப் பேசியபோது அதிபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்ட நிர்வாகத்தின் சார்பில், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவும், ஊர் சார்பில் கோயில் தலைவரும் வந்திருந்தார்கள். கதவோரமாக முன்பள்ளி டீச்சர் உட்கார்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் நாற்பது நிமிடம் பேசினேன். மூதாதையரின் வியர்வை, காலத்தை வென்ற கற்சுவர், வெளிச்சத்தை உள்ளே பொழியும் உயர்ந்த யன்னல்கள், எல்லாம் வந்தன. மரபுரிமை ஒன்பது தடவை வந்தது.

நான் உட்கார்ந்ததும் கண்டாக்கையா கேட்டார்: "அதெல்லாஞ் சரிங்க சேர். இப்ப அங்க எத்தன புள்ளைங்க படிக்குதுங்க?"

"ஏறக்குறைய பதினைந்து" என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

"முப்பத்தொண்ணு" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "சேர் ஒருநாளும் உள்ள வந்து பாத்ததில்லீங்களே. புதன்கெழம எனக்கு ஹட்டன்ல பயிற்சி இருக்கு. ஒரு காலையில மட்டும் புள்ளைங்கள பாத்துக்கிறீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தாராளமாக" என்றேன்.

புதன்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் நாலு பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பாடினேன். இன்னும் ஆறு பேர் சேர்ந்து அழுதார்கள். நல்ல குரல் என்று சொன்ன ஆள் யாராக இருந்தாலும், அன்றைக்கு அவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்போது ஒரு சின்னப் பெண் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சேர், தூக்குங்க. அம்மாவ பாக்கணும்."

யன்னலோரம் அவளைத் தூக்கிப் பிடித்தேன். எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து தன் அம்மாவை எப்படிக் கண்டுபிடித்தாளோ, "அந்தா!" என்று கத்தினாள். கீழே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அழுதவர்கள் உட்பட அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள். நான் புகழ்ந்து பேசிய அந்த உயர்ந்த யன்னல்களின் அடிப்பகுதி என் நெஞ்சளவு இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் தெரிந்தது வானம் மட்டும். நானும் ஒரு காலத்தில் அந்த யன்னலுக்குக் கீழே நின்றவன்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

முப்பத்தொரு பேரையும் தூக்கினேன். சிலர் இரண்டாம் முறையும் வந்தார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது, கூரைத் தகரம் ஒழுகியது, மலசலகூடம் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொருவராக இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வந்தேன். ஒரு பையன் வழியிலேயே காரியத்தை முடித்துவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். நான் வீட்டுக்குப் போய் இரண்டாவது பேச்சை எழுதினேன்.

அடுத்த கூட்டத்தை மாலை கொழுந்து எடை போட்ட பிறகு வைக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் தாய்மார் எப்படி வருவார்கள் என்பது செயலாளரான எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ஐம்பது பெண்களாவது வந்திருந்தார்கள். நான் எழுந்து, இந்தக் கட்டடத்தை உடனே இடிக்க வேண்டும் என்று முழங்கினேன். அதிபரின் முகம் மலர்ந்தது. பாதிப் பேச்சில் ஒரு அம்மா கையைத் தூக்கினார்.

"சேர், போன கூட்டத்துல இடிக்கக்கூடாதுன்னீங்களாம். இப்ப இடிக்கணும்ங்கிறீங்க. அடுத்த தடவ என்ன சொல்லுவீங்கன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, நாங்க வீட்டுக்குப் போயி சோறாக்குவோம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அதிபரும்தான் சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் எழுந்தார். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. "கீழ கொண்டுபோனா புள்ளைங்க பஸ் ரோட்ட கடக்கணும். இங்கன்னா ஒரு சத்தங் குடுத்தா மலையில இருக்கிற அம்மாவுக்குக் கேக்கும். செவுரு நல்லாத்தான் இருக்கு. யன்னல கீழ வரைக்கும் வெட்டணும், தகரம் மாத்தணும், பக்கத்துலயே ஒரு கக்கூஸ் கட்டணும். அவ்வளவுதாங்க."

"அப்ப மைதானம்?" என்றார் அதிபர்.

"முன்னுக்கு இருக்கிற எடத்த சமப்படுத்தி வொலிபோல் வலை கட்டிக்கோங்க சேர். புள்ளைங்க பன்னெண்டு மணிக்குப் போயிரும்."

கை உயர்த்தி முடிவெடுத்தார்கள். நான் கைகளை எண்ணி எழுதுவதில் மும்முரமாக இருந்து, என் கையைத் தூக்க மறந்துவிட்டேன். ஆகவே அந்த வரலாற்று முடிவில் எனக்கு எந்தப் பக்கமும் இல்லை.

தோட்டம் தகரமும் ஒரு மேசனையும் தந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன்மார் வந்து வேலை செய்தார்கள். வெள்ளைக்காரன் வைத்த கல் லேசில் அசையவில்லை. நாலு யன்னலை வெட்டி இறக்க ஒன்றரை மாதம் போனது. உதவிக்குப் போன நான் முதல் நாளே ஒரு கல்லைக் காலில் போட்டுக்கொண்டு, மீதி நாட்களில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அதை நன்றாகச் செய்தேன் என்று மேசன் சொன்னார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எனக்கு வட்டவளைப் பக்கம் இடமாற்றம் வந்தது. அதற்குள் குழுவுக்குப் புதிய செயலாளர் தெரிவு நடந்திருந்தது. டீச்சரின் பெயரை முன்மொழிந்தவன் நான்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. முன்மொழிந்தது கோயில் தலைவர். நான் வழிமொழிந்தேன். அதுவும் பக்கத்திலிருந்த அதிபர் முழங்கையால் இடித்த பிறகு.